வீதிகளை நடந்தளந்த மேதை

மடுல்சீமையில் மழைக்காலத்து விடியல் தனி அழகுடையது. பசறையிலிருந்து வளைந்து வளைந்து ஏறிவரும் பாதை முழுவதும் மஞ்சு மூடிக் கிடக்கும். பிரட்டுக்குச் செல்லும் பெண்களின் காலடியோசை முதலிற் கேட்கும்; ஆட்கள் பின்னர்த்தான் தெரிவர். மஞ்சு சற்றே விலகுங்கால் கண்ணிற் படுவன லயங்களின் தகரக் கூரைகள். நீண்ட ஒரே கூரை. அதன்கீழ் அடுத்தடுத்துக் காம்பராக்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி. முன்னே ஓர் இஸ்தோப்பு. அவ்வளவே ஒரு குடும்பத்தின் உலகம். இவ்வூர்ப் பாடசாலையிற் பல ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வரும் யானும் அத்தகைய காம்பரா ஒன்றிற் பிறந்தவனே.

வீடு என்னும் சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. குடியிருக்கும் மனையும் வீடு. பிறவித் துன்பத்தினின்று விடுபட்ட பேரின்ப நிலையும் வீடு. வகுப்பிலே இதனை விளக்குந்தோறும் என் மனம் சற்றுத் தயங்கும். எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளைகளுட் பலர்க்கு இரண்டாவது வீட்டினும் முதலாவது வீடே எட்டாத தூரத்தில் இருக்கிறது. அவர்தம் வீட்டுக்குத் தனி முகவரி இல்லை. கடிதமும் தோட்டத்து அலுவலகம் வழியாகவே வந்து சேரும்.

அண்மைக் காலத்தில் நம் மலைகளில் லயங்களுக்கு மாற்றாகத் தனி வீடுகள் எழத் தொடங்கியுள்ளன. இந்திய அரசின் உதவியால் முதலில் 4,000 வீடுகள் மலையகத்துக்கு ஒதுக்கப்பட்டன. 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. குடும்பம் ஒன்றுக்கு 7 பேர்ச்சஸ் காணி என்னும் பேச்சும் நம் செவிக்குப் பழகிவிட்டது. இவ்வேளையில் வீடென்றால் யாது, குடியிருப்பென்றால் யாது, அதனை அமைப்பவன் முதலிற் செய்யவேண்டியது யாது என்னும் வினாக்களுக்குத் தம் வாழ்வையே விடையாக வைத்துச் சென்ற ஒருவரை நினைவுகூர்தல் பொருத்தமுடைத்து. அவர் ஸ்கொட்லாந்து தேசத்துப் பேட்ரிக் கெடிஸ்.

அவர் பெயரை யான் முதலில் அறிந்தது தஞ்சையிலே. இளமையில் அச்சீமையிலுள்ள கீழ்த்திசைக் கல்லூரி ஒன்றிற் பயின்றபோது, விடுமுறை நாட்களிற் பழைய கோட்டைப் பகுதியின் சந்துகளில் உலவுவது என் வழக்கம். திண்ணை வைத்த வீடுகளும், திடீரென்று திரும்பும் முடுக்குகளும் எனக்குப் புதுமையாக இருந்தன. எங்கள் ஆசிரியர் ஒருவர், இச்சந்துகளை ஊடறுத்து நேர்ப்பாதை இடும் திட்டமொன்று முற்காலத்தில் இருந்ததென்றும், வெளிநாட்டறிஞர் ஒருவர் வந்து நடந்து பார்த்து வேறொரு திட்டம் வரைந்தாரென்றும் கூறினார். அன்று தொடங்கிய ஆர்வம் இன்றுவரை என்னை விட்டகலவில்லை.

தந்தையின் தோட்டம்

பேட்ரிக் கெடிஸ் 1854-ஆம் ஆண்டு ஒக்டோபர் 2-ஆம் நாள் ஸ்கொட்லாந்தில் பலற்றர் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் படையிற் பணிபுரிந்தவர். பெர்த் நகரருகே குன்றின் சாரலிலே ஒரு சிறு வீட்டில் அக்குடும்பம் வாழ்ந்தது. வீட்டைச் சூழ்ந்து ஒரு தோட்டம். சிறுவன் அத்தோட்டத்திலே தந்தையோடு கிழங்கு நட்டும் களை பறித்தும் வளர்ந்தான். மாலையிற் குன்றின்மேலேறி, கீழே ஆறும் வயலும் நகரமும் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கும் காட்சியைக் கண்டு நின்றான். பிற்காலத்தில் அவர் கற்பித்த அனைத்துக்கும் வித்து அக்குன்றின்மேலிருந்து கண்ட காட்சியே எனலாம்.

சிறிது காலம் வங்கியொன்றில் வேலை பார்த்தார், மனம் ஒட்டவில்லை. 1874-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயிலச் சென்றவர் ஒரே வாரத்தில் வெளியேறினார். உயிருள்ள செடியை விட்டுவிட்டு உலர்ந்த செடியைப் பற்றிப் பேசும் கல்வி அவர்க்கு உவக்கவில்லை. இலண்டன் சென்று உயிரியற் பேரறிஞர் ஹக்ஸ்லியிடம் மாணவரானார். பட்டமொன்றும் அவர் பெறவில்லை. பட்டமின்றியே பிற்காலத்திற் பேராசிரியராகவும் விளங்கினார் என்பது இங்குக் குறிக்கத்தக்கது.

1879-ஆம் ஆண்டு ஆராய்ச்சியின் பொருட்டு மெக்சிக்கோ சென்றார். அங்கே கண் நோயுற்றுப் பார்வையை இழக்கும் நிலை நேர்ந்தது. வாரக்கணக்கில் இருட்டறையிற் கண் கட்டப்பட்டுக் கிடந்தார். நுண்ணோக்காடியே வாழ்வென்றிருந்த இளைஞர்க்கு இதனினுங் கொடிய இடி வேறென்ன வேண்டும்? அவ்விருளிலே சன்னற் சட்டங்களைக் கையால் தடவிப் பார்த்தபோது, கட்டங்களாகப் பிரிந்த அவ்வமைப்பு அவர் சிந்தனைக்கு ஒரு கருவியாயிற்று. தாளைக் கட்டங்களாக மடித்து ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கருத்தை வைத்து, ஒன்றற்கொன்று உள்ள உறவை விரலால் தடவி ஆராயலானார். பார்வை மீண்டது, ஆயினும் நுண்ணோக்காடியில் நெடுநேரம் உழைக்கும் வன்மை மீளவில்லை. செடியின் உயிரணுவை ஆராயப் பிறந்த கண்கள் அதன்பின் மனிதர் வாழும் ஊரை நோக்கித் திரும்பின.

நிலமும் தொழிலும் மக்களும்

பிரெஞ்சு அறிஞர் லெ பிளே என்பாரின் வழியைப் பின்பற்றி, கெடிஸ் நிலம், தொழில், மக்கள் என மூன்றைத் தம் ஆராய்ச்சியின் அடிப்படையாகக் கொண்டார். நிலம் தொழிலை வகுக்கிறது. தொழில் குடும்பத்தை வகுக்கிறது. குடும்பம் மீண்டும் நிலத்தை மாற்றுகிறது. இம்மூன்றனுள் ஒன்றை விட்டு மற்றொன்றைத் திருத்த இயலாது என்பது அவர் துணிபு. இதனை விளக்க ஒரு படமும் வரைந்தார். உயர்ந்த மலையிலே தொடங்கி, காடு, மேய்ச்சல் நிலம், வயல் எனச் சரிந்து கடலிலே முடியும் பள்ளத்தாக்கு அது. சுரங்கம் அகழ்வோன், மரம் வெட்டுவோன், வேட்டுவன், இடையன், உழவன், மீனவன் எனத் தத்தம் நிலத்திலே ஒவ்வொருவரும் அப்படத்தில் நிற்பர்.

தமிழ் பயின்றார் எவர்க்கும் இப்படத்தைக் கண்டவுடன் தொல்காப்பியம் நினைவுக்கு வரும். மலையும் காடும் வயலும் கடலும் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என நாம் வகுத்தனவல்லவா? முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளும் ஒன்றையொன்று பற்றி நிற்பதன்றோ நம் திணை? கெடிஸ் தொல்காப்பியத்தை அறிந்திருந்தாரென்று சொல்ல யான் துணியேன். வெவ்வேறு காலத்திலும் தேசத்திலும் நிலத்தைக் கூர்ந்து நோக்கிய இரு கண்கள் ஒரே உண்மையைக் கண்டன என்பதே எனக்கு வியப்பு.

ஏழையரிடையே குடிபுகுந்தார்

1886-இல் லிவர்பூல் நகரத்து வணிகர் மகளாகிய அன்னா மோர்ற்றன் என்னும் அம்மையாரை மணந்தார். மணமக்கள் குடிபுகுந்த இடந்தான் ஊராரை வியப்பில் ஆழ்த்தியது. எடின்பரோவின் பழைய நகரப்பகுதி ஒருகாலத்தில் அறிஞரும் செல்வரும் வாழ்ந்த இடம். புதிய நகரம் எழுந்ததும் செல்வர் அங்குப் போயினர். பழைய மாடங்கள் ஏழையர் நெருங்கி வாழும் இருட்டறைகளாயின. தத்துவ ஞானி டேவிட் ஹியூம் முன்னாளில் வாழ்ந்த ஜேம்ஸ் கோர்ட் என்னும் முற்றமும் அவ்வாறே சீரழிந்து கிடந்தது. கெடிஸ் தம்பதியர் அங்கேதான் குடியேறினர்.

அவர்கள் அறிவுரை கூறவில்லை, அறிக்கை விடவில்லை. முதலில் தம் மாடத்தைக் கழுவிச் சுண்ணம் பூசினர். சன்னல்தோறும் பூந்தொட்டி வைத்தனர். அயலார் வந்து பார்த்தனர். பின்னர்த் தூரிகையைத் தாமும் எடுத்தனர். குப்பை குவிந்து கிடந்த வெற்றிடங்கள் சிறு தோட்டங்களாயின. இடிந்துவிழும் நிலையிலிருந்த ஒன்றிரண்டை மட்டும் அகற்றிக் காற்றும் வெளிச்சமும் உட்புக வழிசெய்து, எஞ்சியவற்றைப் பழுதுபார்த்துக் காத்தனர். 1887-இல் மாணவர் விடுதி ஒன்றை அவ்விடத்திலேயே தொடங்கிக் கற்றோரையும் ஏழையரையும் மீண்டும் அயலவராக்கினார். 1892-இற் கோட்டைக்கருகே ஒரு கோபுரத்தைப் பெற்று அதனை நோக்குக் கோபுரமாக அமைத்தார். உச்சியிற் பொருத்திய ஆடியின் வழியே நகரம் முழுவதும் ஒரு வெண்பலகையில் அசைந்து தெரியும். மாடி இறங்க இறங்க நகரம், நாடு, கண்டம், உலகம் என அறிவு விரியும்.

1888 முதல் 1919 வரை டண்டியிற் தாவரவியற் பேராசிரியராக இருந்தார். கோடைப் பருவத்தில் மட்டுமே கற்பித்தாற் போதுமென்பது ஏற்பாடு. எஞ்சிய மாதங்கள் ஊர்த்திருத்தத்துக்கே. குறைகளும் அவர்பால் இல்லாமலில்லை. தொடங்கிய பணிகளுள் முடித்தவற்றினும் விட்டவை மிகுதி. கடன் சுமை அவரை அடிக்கடி வாட்டியது. தாடிக்குள்ளே முணுமுணுப்பதுபோற் பேசும் அவர் சொற்பொழிவு பின்வரிசையார்க்குக் கேட்பதில்லை. ஆயினும் அருகிருந்து கேட்டோர் அவரை மறந்ததில்லை.

எம்டன் மூழ்கடித்த செல்வம்

ஊர்களைப் பற்றிய படங்களும் வரைபுகளும் அடங்கிய கண்காட்சி ஒன்றைப் பல்லாண்டுகள் முயன்று அவர் திரட்டியிருந்தார். 1913-இற் பெல்ஜியத்தின் கெந்த் நகரில் அது பெரும்பரிசு பெற்றது. சென்னை மாகாண ஆளுநராயிருந்த பென்ட்லண்டு பிரபு அக்கண்காட்சியோடு வருமாறு கெடிசை அழைத்தார். 1914-ஆம் ஆண்டு அவர் புறப்பட்டார். கண்காட்சிப் பொருள்கள் கிளான் கிராண்ட் என்னும் வேறொரு கப்பலில் வந்தன.

அவ்வாண்டு செப்டெம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்த செர்மானியப் போர்க்கப்பல் எம்டனை அறியாத தமிழர் இலர். வல்லாளனை எம்டன் என்று சுட்டும் வழக்கு நம்மிடையே இன்றும் உண்டு. அதே எம்டன் அடுத்த மாதம் மினிக்கோய்த் தீவின் பக்கத்துக் கடலிற் கிளான் கிராண்ட் கப்பலை மூழ்கடித்தது. பல்லாண்டு உழைப்பு கடலடி சேர்ந்தது.

அறுபது வயதில் இத்தகைய இழப்பு நேரின் ஊர் திரும்புவோரே பலர். கெடிஸ் திரும்பவில்லை. நண்பர்கள் தாயகத்தில் அவசரமாகத் திரட்டி அனுப்பிய படங்களைக் கொண்டு, 1915-ஆம் ஆண்டு ஜனவரியிற் சென்னைப் பல்கலைக்கழகச் செனட் மண்டபத்திற் கண்காட்சியைத் திறந்தார். அதன்பின் தென்னாட்டு ஊர்களை நோக்கிப் புறப்பட்டார்.

தஞ்சையிற் செய்த சிகிச்சை

அக்காலத்துச் சுகாதார அதிகாரிகளும் பொறியியலாளரும் நெருக்கத்தைப் போக்க ஒரே மருந்தை அறிந்திருந்தனர். வரைபடத்தின்மீது அளவுகோலை வைத்து நேர்க்கோடு இழுப்பது; அக்கோட்டில் அகப்பட்ட வீடுகளை இடிப்பது; இடிபட்டோர் எங்கே போவர் என்று கேளாதிருப்பது. இடிபட்டோர் அடுத்த தெருவிலேயே போய் நெருங்குவர். நெருக்கம் இடம் மாறுமேயன்றிக் குறையாது.

கெடிஸ் வரைபடத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு சந்துக்குள்ளே நடந்தார். வீடு வீடாகப் பார்த்தார். எந்த வீடு உறுதியானது, எது பாழ்பட்டது, எந்த மரம் நிழல் தருகிறது, எந்தக் கோயில்முன் மாலையிற் கூட்டம் கூடுகிறது, எந்தக் கிணற்றடியிற் பெண்கள் நீர் எடுக்கின்றனர் என ஒவ்வொன்றையும் படத்திற் குறித்தார். மருத்துவன் நாடி பார்த்த பின்னரே கத்தியை எடுப்பான். ஊரைத் திருத்துவோனும் அவ்வாறே செய்யவேண்டும் என்பது அவர் நெறி. இதனைப் பேணும் சத்திரசிகிச்சை என்று அழைத்தார். பாழ்மனைகளை மட்டும் அகற்றி, அவ்விடங்களைச் சிறு முற்றங்களாக்கி, ஒன்றோடொன்று இணைத்து, மரம் நட்டாற் போதும். காற்று தானே வழி காணும். நற்குடிகள் தம் வீட்டிலேயே இருப்பர். தஞ்சைக் கோட்டைப் பகுதிக்கு அவர் காட்டிய இவ்வழிக்கு ஆகும் செலவு, நேர்ப்பாதைத் திட்டத்தின் செலவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கே.

மதுரை முதலிய ஊர்களுக்கும் அறிக்கைகள் எழுதினார். கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்க முனைந்தோரைத் தடுத்தார். குளம் வெப்பத்தைத் தணிப்பது, ஊற்றைக் காப்பது, மீனும் வாத்தும் அதில் வாழுமாயின் கொசுவின் குடும்பம் பெருகாது என்று எடுத்துக் கூறினார். நடுவே கோயில், அதனைச் சுற்றித் தேரோடும் வீதிகள், அவற்றுக்கப்பால் மனைகள் என அமைந்த நம் கோயில் நகரங்களை வியந்து 1919-இற் கட்டுரையும் எழுதினார். ஊர் அமைக்கும் கலை மேனாட்டிலிருந்துதான் நமக்கு வரவேண்டும் என்று நம்மவரே எண்ணிய நாளில், அது உங்கள் முன்னோரிடமே உள்ளதென்று மேனாட்டார் ஒருவர் வந்து சொன்னார்.

துயரும் திருவிழாவும்

1917-ஆம் ஆண்டு அவர்க்குக் கொடிய ஆண்டு. மூத்த மகன் அலஸ்டயர், தந்தையின் இந்தியப் பணியில் உடனிருந்த இளைஞன், ஏப்பிரல் மாதத்திற் பிரெஞ்சுப் போர்க்களத்தில் மாண்டான். அச்செய்தி வந்தபோது அன்னா அம்மையார் இந்தியாவிலே கடுங்காய்ச்சலிற் கிடந்தார். அறிந்தால் உயிர் தாங்காதென்று அஞ்சிக் கெடிஸ் செய்தியை மறைத்தார். மகன் முன்னர் எழுதிய பழைய கடிதங்களைப் புதியவைபோல் மனைவியின் படுக்கையருகே இருந்து படித்துக் காட்டினார். மகனிறந்ததை அறியாமலே சூன் மாதத்தில் அம்மையார் கண்மூடினார். ஜேம்ஸ் கோர்ட்டில் முதற் பூந்தொட்டி வைத்த காலத்திலிருந்து உடன்வந்த துணை அது.

துயரத்தை அவர் பணியிலே கரைத்தார். இந்தூர் நகரத்தை அக்காலத்தில் கொள்ளைநோய் வருத்தியது. மகாராசா துக்கோசி ராவ் ஓல்கர் அழைப்பின்பேரில் அங்குச் சென்ற கெடிஸ், ஒரு நாள் மட்டும் தம்மை மகாராசாவாக்குமாறு கேட்டுப் பெற்றார் என்பர். தீபாவளி ஊர்வலம் வழக்கமான தெருக்களில் அன்றி, எப்பகுதி மக்கள் தம் தெருவை மிகத் தூய்மையாக வைக்கின்றனரோ அப்பகுதி வழியே செல்லும் என அறிவித்தார். நகரம் முழுவதும் துடைப்பமும் சுண்ணமுமாக மாறிற்று. ஊர்வலத்திற் பேருருவான எலியும் கொசுவும் சென்றன; அவற்றின் பின்னே மாலையணிந்த துடைப்பங்களோடு வெள்ளாடை உடுத்த துப்புரவுத் தொழிலாளர் பெருமிதத்தோடு நடந்தனர்; கெடிசும் அவர்களோடு நடந்தார். இறுதியில் நோயின் உருவங்கள் நெருப்பிலிடப்பட்டன. எந்த ஊரிலும் கடைசியில் வைத்து எண்ணப்படுவோரை முன்னிறுத்தி ஊரைத் தூய்மை செய்த பெருமை அவர்க்குரியது. இந்தூர் பற்றிய அவர் அறிக்கை 1918-இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது.

1919-இற் டண்டியை விட்டு விடைபெறும்போது, உயிர்க்குலம் முழுவதும் இலையைப் பற்றியே வாழ்கிறது, நாணயத்தைப் பற்றியன்று என்னும் கருத்தை மாணாக்கர்க்கு எடுத்துரைத்தார். கொழுந்து பறித்து வாழும் நம் மலைநாட்டார்க்கு இவ்வுண்மையை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. இலையால் வந்த நாணயம் எங்கே போயிற்று என்பதே நம் வினா.

அவ்வாண்டே பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற் சமூகவியலும் குடிமையியலும் கற்பிக்கும் முதற் பேராசிரியரானார். விஞ்ஞானி சகதீச சந்திர போசின் வாழ்க்கை வரலாற்றை 1920-இல் எழுதி வெளியிட்டார்.

கொழும்புக்கு ஓர் அறிக்கை

நம் தலைநகர்க்கும் அவர் கடமைப்பட்டவரல்லர். தலைநகரே அவர்க்குக் கடமைப்பட்டது. வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இலங்கையில் 1915-இல் இயற்றப்பட்டது. அதன்பின் கொழும்புக்கு முழுமையான ஒரு திட்டம் வேண்டுமென எண்ணிய காலத்திற் கெடிஸ் அழைக்கப்பட்டு, 1921-இல் முதனிலை அறிக்கையை அளித்தார். கடலும் ஏரியும் மரமும் சூழ்ந்த கொழும்பைச் சோலை நகராகக் காணவேண்டுமென்பது அவர் கனவு. பின்னர் 1940-இல் ஹொலிடேயும் 1948-இல் அபர்குரொம்பியும் திட்டம் வகுத்தனர். ஆயினும் முதற் கோடு கெடிசின் கோடே.

கொழும்பில் ஏழையர் குடியிருப்புக்கும் தோட்டம் என்றே பெயர் வழங்குகிறது. மலைநாட்டில் நாம் வாழும் இடத்துக்கும் அதே பெயர். 2010-இற்குப் பின் அத்தலைநகர்த் தோட்டங்கள் பல அகற்றப்பட்டு, அங்கு வாழ்ந்தோர் வானளாவிய மாடிகளிற் குடியேற்றப்பட்டனர். மாடியில் நீரும் மின்சாரமும் உண்டு. ஆனால் வாசலில் இடியப்பம் விற்றுப் பிழைத்தவள் பன்னிரண்டாம் மாடியில் யாரிடம் விற்பாள்? நிலம், தொழில், மக்கள் என்னும் மூன்றனுள் ஒன்றைப் பெயர்த்தால் மற்றவையும் ஆட்டங்காணும் என அவர் கூறியதன் பொருள் இதுவே.

ஒன்றை நேர்மையோடு சொல்லவேண்டும். கெடிஸ் தலைநகர்க்கு அறிக்கை எழுதிய அதே காலத்தில், அத்தலைநகரின் துறைமுகத்துக்குத் தேயிலைப் பெட்டிகளை அனுப்பிய மலைகளில் நம் முன்னோர் லயங்களில் அடைந்து கிடந்தனர். அவற்றுக்கு எவரும் அவரை அழைக்கவில்லை. தோட்டம் துரையின் ஆட்சிக்குட்பட்டது. நகரசபையும் இல்லை, கிராமசபையும் எட்டாது. இந்நிலை அந்நியர் ஆட்சியோடு போய்விடவுமில்லை. 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமும் தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாயிருந்தது. 2018-இலேதான் அது திருத்தப்பட்டது.

மருத்துவ வசதி நாடி 1924-இல் இந்தியாவை விட்டுச் சென்ற கெடிஸ், தென்பிரான்சில் மொன்பெலியே நகரருகே கல்லூரி ஒன்றைத் தம் கையாலே எழுப்பத் தொடங்கினார். 1925-இல் டெல் அவிவ் நகர்க்கு வகுத்த திட்டம் அவர் திட்டங்களுட் பெரும்பான்மை நிறைவேறியது; அதன்மீது எழுந்த வெண்ணகரம் 2003-இல் உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. முன்னர் மறுத்த வீரப்பட்டத்தை 1932-இல் ஏற்றார். அவ்வாண்டு ஏப்பிரல் 17-ஆம் நாள் மொன்பெலியேயில் உயிர்நீத்தார். அமெரிக்க அறிஞர் லூவிஸ் மம்போர்டு அவர் கருத்துக்களை உலகறியச் செய்தார்.

யான் கற்ற பாடம்

இவ்வரலாற்றை எழுதுவதற்கு எனக்கோர் உரிமை உண்டென்றால், அது யான் செய்த பிழையால் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதித் தோட்டமொன்றிற் புதிய வீடுகளுக்கான வரைபடம் வந்தது. மேட்டு நிலத்தில் அழகிய நேர்வரிசையாக வீடுகள் வரையப்பட்டிருந்தன. படித்தவன் என்பதால் மக்களுக்கு அதனை விளக்கும் பொறுப்பை என்னிடம் தந்தனர். கோயில் முன்றிலில் நின்று, நல்ல தமிழில், நெடுநேரம் விளக்கினேன். முடிந்ததும் ஒரு பாட்டி எழுந்து, வாத்தியாரையா, அந்த மேட்டுக்குப் பீலித்தண்ணி எப்படி வரும் என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. யான் அவ்விடத்துக்கு நடந்தே போனதில்லை. தஞ்சைச் சந்திலே கெடிசைப் பற்றிக் கேட்டு வியந்தவன், என் சொந்த மலையில் வரைபடத்தை மட்டுமே பார்த்திருந்தேன்.

மறுநாள் அப்பாட்டியே வழிகாட்ட மேட்டுக்கு ஏறினேன். எங்கே மழைநீர் மண்ணை அரித்திருக்கிறது, எங்கே நிலம் சற்றே கீழிறங்கியிருக்கிறது, எங்கே ஊற்றுண்டு என்று எழுத்தறியாத அவர் ஒவ்வோர் அடியிலும் எனக்குக் கற்பித்தார். யாங்கள் கண்டவற்றை எழுதிக் கொடுத்தோம். வரைபடம் மாறவில்லை, வீடுகள் மேட்டிலேயே எழுந்தன. குழாய் வந்து சேருமட்டும் பெண்கள் குடத்தோடு அம்மேட்டை ஏறினர். வரைந்தவர்மேல் யான் பழி கூறமாட்டேன். அவர் கோடிட்ட பின்னரே யான் நடந்தேன் என்பதே என் குறை.

எங்கள் ஊவா மாகாணத்திலேயே, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் 2014-ஆம் ஆண்டு ஒக்டோபர் 29-ஆம் நாள் காலையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கலாகாது. அபாயம் பற்றிய எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. நாடி பார்த்தும் மருந்து கொடாமல் விட்டதன் விளைவு அது. ஆதலின் பேணுதல் என்றால் லயத்தைப் பேணுதல் என்று எவரும் கொள்ளற்க. லயம் அகலவேண்டும், அதிற் பிறந்த யான் அதனை ஐயமின்றிக் கூறுவேன். அப்பாட்டியும் லயத்தில் இருக்க விரும்பவில்லை; தமக்கென்று ஒரு வாசல், அதிலொரு முருங்கை, பேரப்பிள்ளைக்கு ஒரு முகவரி, இவற்றையே வேண்டினார். பேணவேண்டியது லயத்தின் கூரையையன்று. அதன்கீழே தலைமுறை தலைமுறையாக வளர்ந்த அயலுறவையும், கோயிலையும், பீலிக்கரையையும், நிலத்தைப் பற்றிய அறிவையும்.

பாட்டி இப்போது மேட்டு வீட்டில் வாழ்கிறார். வாசலில் முருங்கை நட்டுள்ளார். அது காற்றில் ஒருமுறை முறிந்து மீண்டும் துளிர்த்துள்ளது. அடுத்த தோட்டத்துக்கும் வரைபடம் வந்துகொண்டிருப்பதாகக் கேள்வி. இம்முறை அதனை விரித்துப் படிக்குமுன் என் மாணாக்கர் சிலரோடும், அவ்விடத்து முதியோரோடும் அந்நிலத்தை நடந்து பார்க்கக் கருதியுள்ளேன். அறுபது வயதிலே, கடலில் எல்லாவற்றையும் இழந்தும், அயல்நாட்டுச் சந்துகளில் நடந்தவர் ஒருவர் இருந்தார். நம் மண்ணில் நாம் நடப்பதற்கு என்ன தடை?